அத்தையின் ராமாயணம் கம்ப்யூட்டருக்குப் போன கதை!

"ஏம்மா, சி.டி. நின்னு போச்சு. வந்து மாத்திப் போட்டுட்டுப் போயேன்!"

குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரம் பார்த்துத்தான் கூடத்திலிருந்து இந்தக் குரல் வரும். என் மாமியாருக்கு எழுபத்தொன்பது வயது. போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டிருந்த சமயம் அது. பொழுது போகவேண்டுமே! மாமா இருந்தபோது வாங்கி வைத்த 'ராமாயணம்' டி.வி.டி. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். ராமானந்த் சாகர் எடுத்து, 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்ததே, அதே தொடர்தான். மொத்தம் 78 பாகங்கள். அத்தைக்கு இந்தியில் 'அச்சா'வைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அருண் கோவில் வாயைத் திறக்கும் முன்பே, ராமர் என்ன சொல்லப்போகிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்!

வினையும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. ஒரு தட்டில் நாலைந்து பாகங்கள். போட்டுவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். அத்தையும் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சாயங்காலம் பார்க்கிறேன், இரண்டு பாதமும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது! டாக்டரிடம் ஓடினோம். நல்ல வேளை, பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் திட்டு எனக்குத்தான் கிடைத்தது.

"இடுப்பு ஆபரேஷன் ஆனவங்களை இப்படி ஆடாம அசையாம உட்கார வைக்கலாமா? காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து. அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலு அடி நடக்கட்டும்."

நடுவில் நிறுத்தினால் அத்தைக்குக் கோபம் வருகிறது. நிறுத்தாவிட்டால் கால் வீங்குகிறது. என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோது என் மகள்தான் வழி சொன்னாள். "பாகம் பாகமாப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்மா. ஒண்ணு முடிஞ்சா தானா நின்னுடும். பாட்டி நடந்துட்டு வந்து அடுத்ததைப் போட்டுக்கட்டும்."

அவள் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டாள். வேலை என் தலையில் விழுந்தது! என் கணவரோ, "உனக்கு ஏன் இந்த வேலை?" என்பதோடு தம் பங்கை முடித்துக்கொண்டார்.

இப்போது வரும் பல லாப்டாப்புகளில் தட்டுப் போடும் 'டிரைவ்' கிடையாது. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. டிரைவ் ஒன்று தனியாக வாங்கினேன். 'மேக் எம்.கே.வி.' என்ற புரோகிராம் தட்டில் உள்ள படத்தை மாற்றாமல், சுருக்காமல், தனித்தனி ஃபைலாக எடுத்து வைக்கிறது. டி.வி.டி.க்கு அது காசு கேட்பதில்லை. முதல் தட்டிலேயே ஏமாந்தேன். பட்டியலில் தனித்தனி பாகங்களோடு, எல்லாம் சேர்ந்த நீளமான ஃபைல் ஒன்றும் இருந்தது. அதையும் சேர்த்து எடுத்து, இரண்டு மடங்கு இடத்தை அடைத்துவிட்டேன். அரை மணி சுமாருக்கு இருப்பவற்றை மட்டும் 'டிக்' செய்தால் போதும்.

'ஹேண்ட்பிரேக்' என்ற இலவசப் புரோகிராமில் போட்டுச் சுருக்கலாம் என்பார்கள். நான் சுருக்கவில்லை. எங்களுக்கு ஒரு பாகம் ஒன்றரை ஜி.பி.க்குச் சற்று மேல் வந்தது. 78-ம் சேர்ந்தாலும் சுமார் 130 ஜி.பி.தான். ஒரு டி.பி. ஹார்டு டிஸ்கில் அது ஒரு மூலைக்குக் காணாது. சுருக்கச் சுருக்கப் படம் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். ஏற்கெனவே கண்புரை ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது எதற்கு?

பெயர் வைப்பதில்தான் பொறுமை வேண்டும். 1, 2, 3 என்று எண் போட்டு வைத்திருந்தேன். 1-க்கு அடுத்து 10 வந்து நின்றது! "கல்யாணம் ஆகறதுக்குள்ளே கைகேயி வரம் கேக்கறாளே, இது என்ன கூத்து?" என்று அத்தை சிரித்த சிரிப்பில் வாக்கர் ஆடியது. ஆங்கில எழுத்தில் 'எஸ்01இ01', 'எஸ்01இ02' என்று பூஜ்யம் சேர்த்து எழுதவேண்டும். 'எஸ்' என்றால் சீசன், 'இ' என்றால் எபிசோட். எங்கள் தட்டுகளில் சில பாகங்கள் வரிசை தப்பியும் இருந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிஷம் ஓட்டிக் காட்டுவேன். "இது குகன் படகு. பரதன் அப்புறம் வருவான்" என்று அத்தை சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அன்று என்ன கிழமை என்பதை இரண்டு தரம் கேட்டவர், பாகத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

பழைய கம்ப்யூட்டரை எச்.டி.எம்.ஐ. கேபிளால் டி.வி.யோடு இணைத்து, அதில் 'கோடி' என்ற புரோகிராமைப் போட்டோம். பெயர்தான் கோடி, சல்லிக்காசு கிடையாது! விட்ட இடத்திலிருந்து காட்டும். அடுத்த பாகத்தைத் தானாக ஓட்டும் வசதியும் அதில் உண்டு. அதை மறக்காமல் அணைத்து வைத்தேன், எங்களுக்கு முக்கியமே அதுதானே! அகல டி.வி.யில் படத்தை இழுத்துக் காட்டாமல் 4:3 அளவிலேயே விடுங்கள். இழுத்தால் சீதைகூடத் தாரா சிங் மாதிரி ஆகிவிடுகிறாள். அம்பு பறக்கும்போது சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால், 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போடுங்கள். அந்தக் கால வீடியோ, ஒற்றைப்படை வரிகள் ஒரு தரம், இரட்டைப்படை வரிகள் ஒரு தரம் என்று பாதி பாதியாகப் பதிவானது. அதனால் வரும் கோடு அது. ரிமோட்டில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரே பொத்தான். அதில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தேன். அடுத்த பாகத்துக்குப் போகும் பொத்தானுக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு!

எதிர்வீட்டு அக்கா பென்டிரைவோடு வந்தார். "எனக்கும் ஒண்ணு ஏத்திக் குடேன்." மனசு கஷ்டமாக இருந்தாலும் மறுத்துவிட்டேன். தட்டுகளில் காப்பிப் பூட்டு உண்டு. அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டம் அந்தப் பூட்டைத் திறப்பதையே தடுக்கிறது. நம் நாட்டில் 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்தோடு திறந்தால் தண்டனை என்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எங்கள் வீட்டில் நாங்கள் பார்ப்பது வேறு, ஊருக்குக் காப்பி கொடுப்பது வேறு. "தினம் இங்கே வந்து பாருங்கக்கா" என்றேன். வருகிறார், அவருக்கும் முழங்கால் வலி!

ஒரே ஒரு தட்டுதான் பாதியில் முரண்டு பிடித்தது. மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தொட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் சுற்றுச் சுற்றாகப் பதிந்திருக்கிறது, கீறல் அந்தச் சுற்றோடு போனால் நீளத்துக்கும் கெடும். தம்பியின் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்ததில் ஆறு நிமிஷம் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. இன்னும் சில வருஷம் பரணிலேயே விட்டிருந்தால் எத்தனை போயிருக்குமோ!

அந்த ஆறு நிமிஷம் அசோகவனத்தில் வருகிறது. சீதை அழுதுகொண்டிருப்பாள். சட்டென்று படம் தாவும். பார்த்தால் கையில் மோதிரம் இருக்கும். அத்தை சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு, நடுவில் போனதைப் பேத்திக்குச் சொல்வார். போன வாரம் சொல்லி முடித்ததும், படத்தை ஓட்ட மறந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு தாமாகவே எழுந்து திண்ணைப் பக்கம் நடந்து போய்விட்டார்.