சல்யூட் யாருக்கு, ‘சார்’ யாருக்கு?

கிரீன் கார்டோடு அமெரிக்கக் கடற்படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து, மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள கிரேட் லேக்ஸ் பயிற்சி முகாமுக்குக் கிளம்பக் காத்திருக்கிறீர்களா? பதவிச் சின்னங்களை இப்போதே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

அங்கே போய்ப் படித்துக்கொள்ளக் கூடாதா? சொல்லித்தருவார்கள்தான். ஆனால் போனதும் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். தூக்கமும் குறைவு. நிதானமாக உட்கார்ந்து நெட்டுருப் போட ஏற்ற இடமல்ல அது.

எங்கிருந்து தொடங்குவது? அட்மிரலிடமிருந்து வேண்டாம், அவரைப் பார்ப்பதே அபூர்வம். காலை முதல் இரவு வரை உங்களை விரட்டப்போகிறவர்கள், தோளில் சிவப்புக் கயிறு அணிந்த பயிற்றுநர்கள். அவர்கள் சின்னத்தில் ஒரு கழுகும், அதன் கீழே ஆங்கில ‘வி’ வடிவக் கோடுகளும் இருந்தால் ‘பெட்டி ஆபிசர்’ (நடுத்தரப் படிநிலை வீரர்). ஒரு கோடு மூன்றாம் வகுப்பு, மூன்று கோடு முதல் வகுப்பு. சங்கிலி சுற்றிய தங்க நங்கூரம் இருந்தால் ‘சீஃப்’ (மூத்த வீரர்).

இவர்களைச் ‘சார்’ என்று கூப்பிடலாமா? கூடாது. ‘பெட்டி ஆபிசர்’, ‘சீஃப்’ என்றுதான் சொல்ல வேண்டும். சல்யூட்டும் கிடையாது. ‘சார்’, ‘மேம்’, சல்யூட் எல்லாம் அதிகாரிகளுக்கு மட்டும். பஸ் கண்டக்டர் முதல் வாத்தியார் வரை எல்லோரையும் ‘சார்’ போட்டே பழகிய நம் நாக்கு இங்கேதான் மாட்டிக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

அதிகாரிகளை எப்படி அடையாளம் காண்பது? ஒரு தங்கப் பட்டை என்றால் என்சைன், அதாவது கடைசிப்படி அதிகாரி. ஒரு வெள்ளிப் பட்டை அவருக்கு மேல். இரண்டு வெள்ளிப் பட்டை லெப்டினன்ட். பிறகு தங்க இலை, வெள்ளி இலை, வெள்ளிக் கழுகு. கழுகு அணிந்தவர் கேப்டன்.

தங்கத்தைவிட வெள்ளி உயர்வா? ஆம், பட்டையிலும் இலையிலும் அப்படித்தான். நகைக்கடைக் கணக்கை மறந்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு இடங்களில் தடுமாறுவீர்கள். தரைப்படையில் இரண்டு வெள்ளிப் பட்டை அணிந்தவர்தான் கேப்டன். கடற்படைக் கேப்டன் அவரைவிட மூன்று படி மேல். அடுத்தது நட்சத்திரம். அது நங்கூரத்தின் மேல் இருந்தால் சீனியர் சீஃப், சல்யூட் இல்லை. நட்சத்திரம் மட்டும் தனியாக இருந்தால் அவர் ரியர் அட்மிரல். உடனே கையை உயர்த்துங்கள்.

படிக்கும்போது பெயர்களை மறைத்துவிட்டுச் சின்னத்தை மட்டும் பாருங்கள். சல்யூட் உண்டா, என்னவென்று அழைப்பது? இந்த இரண்டுக்கும் சட்டென்று பதில் வரவேண்டும். ஒரு விஷயம்: நீல விழா உடையில் அதிகாரிகளின் பதவி, கோட்டின் கைநுனியில் தங்கக் கோடுகளாக இருக்கும். என்சைனுக்கு ஒன்று, கேப்டனுக்கு நான்கு. அதையும் சேர்த்தே படியுங்கள்.