லீராவும் யூரோவும்: நாணய மாற்று விகிதம் என்பது என்ன?

மழை பெய்து ஓய்ந்த காலையில் பால் வாளி நிறைந்து காணப்படும். ஆயினும் பால் நிறுக்கும் கொட்டகையில் எடையை மட்டும் பார்த்துக் கணக்கெழுதிவிடுவதில்லை. அப்பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதையும் அளந்தே கணக்கிடுவர். வாளி நிறைந்திருப்பது வேறு, அதனுள் இருக்கும் சரக்கு வேறு என்பதைத் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாணயத்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. நோட்டில் அச்சிட்டிருக்கும் எண்தான் வாளி. அந்நோட்டைக் கொடுத்தால் கிடைக்கும் பொருள்தான் ரப்பர். இதனை விளங்கிக்கொள்ளத் துருக்கி நாட்டின் நாணயமாகிய லீராவைப் போல் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

துருக்கி யூரோவைப் பயன்படுத்தும் நாடன்று. எனினும், 1961-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் மேற்கு ஜெர்மனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்திற்குப் பின், இலட்சக்கணக்கான துருக்கியத் தொழிலாளர்கள் அந்நாட்டின் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் வேலைக்குச் சென்றனர். அவர்கள் ஊருக்கு அனுப்பிய பணம் முன்பு ஜெர்மானிய மார்க்காக இருந்தது. 2002-ஆம் ஆண்டில் யூரோ நோட்டுகள் புழக்கத்திற்கு வந்தபின் யூரோவாக மாறியது. ஆகவே, ‘இன்று யூரோ எத்தனை லீரா?’ என்பது அங்கே வங்கி அதிகாரிகள் மட்டும் கேட்கும் கேள்வியன்று. அடுப்படியிலும் கேட்கப்படும் கேள்வி.

கணக்கு எளிதே. ஒரு யூரோவின் விலை 36 லீரா என்று கொள்வோம். யூரோவை லீராவாக்கப் பெருக்க வேண்டும்: 100 யூரோவுக்கு 3,600 லீரா. லீராவை யூரோவாக்க வகுக்க வேண்டும்: 3,600 லீராவை 36-ஆல் வகுத்தால் 100 யூரோ. பெருக்குவதா, வகுப்பதா என்று வகுப்பறையில் பிள்ளைகள் திகைக்கும்போது நான் சொல்லித்தந்த வழி ஒன்றுண்டு. மதிப்பு மிகுந்த நாணயம் எண்ணிக்கையில் குறைவாகத்தான் வரும். லீராவைக் கொடுத்தவருக்கு விடையில் எண் பெருகி வந்தால் கணக்குத் தவறு.

இனி, இஸ்தான்புல் நகரில் உள்ள ஒரு நாணய மாற்றுக் கடையின் பலகையைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொரு நாணயத்திற்கும் எதிரே இரண்டு விலைகள் இருக்கும். ஒன்றின் தலைப்பில் ‘அலிஷ்’ என்றும் மற்றதில் ‘சத்திஷ்’ என்றும் எழுதியிருக்கும். அதாவது வாங்கும் விலை, விற்கும் விலை. வாங்குபவரும் விற்பவரும் கடைக்காரரே என்பதை மறந்துவிடக் கூடாது. யூரோவை 36 லீராவுக்கு வாங்கி 37 லீராவுக்கு விற்கும் கடையில் 1,000 யூரோவைக் கொடுத்தால் 36,000 லீரா கிடைக்கும். மனம் மாறி அதே நேரத்தில் அதனை யூரோவாகத் திருப்பிக் கேட்டால் 37-ஆல் வகுத்துச் சுமார் 973 யூரோதான் தருவார்கள். நாணயத்தின் விலை அணுவளவும் மாறவில்லை. ஆனால் 27 யூரோ போய்விட்டது. ‘கட்டணம் இல்லை’ என்று எழுதி வைத்திருக்கும் கடைகளிலும் இந்த இடைவெளி உண்டு. கடையின் வருமானம் இதில்தான் இருக்கிறது.

ஒரு நாடு தன் நாணயத்தின் விலையை அரசு ஆணையால் நிலைநிறுத்தி வைக்கலாம். நம் ரிங்கிட் 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று அவ்வாறு நிறுத்தப்பட்டிருந்தது நினைவிருக்கும். துருக்கியோ 2001 பிப்ரவரியில் ஏற்பட்ட கடும் நெருக்கடியில் தன் கட்டுப்பாட்டைக் கைவிட்டு, லீராவின் விலையைச் சந்தையிடமே விட்டுவிட்டது. அந்நாளில் ஒரு கோப்பைத் தேநீரின் விலை இலட்சக்கணக்கான லீரா. 2 கோடி லீரா நோட்டும் அச்சிடப்பட்டது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று ஆறு பூஜ்யங்களை நீக்கி, பத்து இலட்சம் பழைய லீராவை ஒரு புதிய லீராவாக்கினார்கள். இதனால் யாரும் ஏழையாகவுமில்லை, செல்வராகவுமில்லை. வாளி மட்டுமே மாறியது.

சரக்கு குறைந்த கதை அதன் பிறகுதான் வருகிறது. புதிய லீரா பிறந்தபோது ஒரு யூரோவுக்கு 1.80 லீராவுக்குச் சற்று மேல். 1,000 லீரா வைத்திருந்தவர் அதனை ஏறத்தாழ 550 யூரோவாக மாற்றியிருக்கலாம். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதே 1,000 லீராவுக்குச் சுமார் 110 யூரோ. அவ்வாண்டு முடிவில் 66. 2024-ஆம் ஆண்டு முடிவில் 27. பணம் பெட்டியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஒரு தாளும் களவு போகவில்லை.

2021-இல் நிகழ்ந்தது என்ன? விலைவாசி ஏறும்போது மத்திய வங்கி வட்டியை உயர்த்துவதே பொதுவான வழக்கம். உயர்ந்த வட்டியே விலைவாசியை ஏற்றுகிறது என்பது அதிபர் எர்டோகனின் கருத்து. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை வட்டி விகிதம் 19 விழுக்காட்டிலிருந்து 14-க்குக் குறைக்கப்பட்டது. பணவீக்கத்தைவிட வட்டி குறைந்துவிட்டால் யார்தான் லீராவில் சேமிப்பார்? மக்கள் டாலரையும் யூரோவையும் பொன்னையும் நாடினர். லீரா மேலும் சரிந்தது. எண்ணெயையும் எரிவாயுவையும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடாதலால் பேருந்துக் கட்டணம் முதல் ரொட்டி வரை விலை ஏறிற்று. அரசுக் கணக்குப்படியே 2022 அக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைக் கடந்தது. பின்னர்க் கொள்கை மாறி, 2024 மார்ச்சில் வட்டி 50 விழுக்காட்டை எட்டியது.

இச்சரிவில் மகிழ்ந்தவர்களும் உண்டு. பல்கேரிய மக்கள் எல்லையைக் கடந்து எடிர்னே நகரச் சந்தைக்கு வந்து மூட்டை மூட்டையாகப் பொருள் வாங்கிச் சென்றனர்; அவர்களுடைய லெவ் நாணயம் அப்போது யூரோவோடு பிணைக்கப்பட்டிருந்தது. அதே சந்தையில் உள்ளூர்த் தொழிலாளியோ சம்பளம் லீராவில் வாங்கியவர். ஜெர்மனியிலிருந்து மாதந்தோறும் 300 யூரோ வரப்பெற்ற தாய்க்கு, ஆண்டின் தொடக்கத்தில் கிடைத்தது 2,700 லீரா. முடிவில் 4,500 லீரா. கடைவிலையும் ஏறியதால் அவ்வளவும் இலாபமன்று. எனினும் பக்கத்து வீட்டாரைவிட அவர் நிலை மேல்.

செய்தித்தாள் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூரோவின் விலை 9 லீராவிலிருந்து 15 லீராவானால், ‘யூரோ 67 விழுக்காடு உயர்ந்தது’ என்று ஒருவர் எழுதுவார். ‘லீரா 40 விழுக்காடு வீழ்ந்தது’ என்று மற்றொருவர் எழுதுவார். இரண்டும் ஒரே நிகழ்ச்சி, இரண்டும் சரியே. உங்கள் கையில் எந்த நாணயம் உள்ளதோ அதன் கணக்கைப் பாருங்கள்.

துருக்கியத் திருமணங்களில் மணமக்களின் ஆடையில் சிறிய பொன் நாணயங்களைக் குத்துவது வழக்கம். ‘கால் பொன்’ எனப்படும் நாணயம் 22 காரட்டில் 1.75 கிராம் எடை உடையது. லீரா தேயத் தேயப் பலர் தம் சேமிப்பையும் இவ்வாறே பொன்னாக வைத்துக்கொண்டனர். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இதில் வியப்பொன்றும் இராது. ஆனால் இஸ்தான்புல் பெரிய அங்காடியின் பொற்கடைகளிலும் பொன்னுக்கு எதிரே அந்த இரண்டு விலைகள்தாம்: அலிஷ், சத்திஷ்.