பிள்ளைகள் சற்றே வெளியில் நிற்கட்டும்

செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரைச் சிற்றூர்களிலும் மூத்தவர்கள் மருத்துவரைக் காணத் தனியே வருவது குறைவு. மகனோ மருமகளோ உடன் வருவர். மருத்துவர் கேட்பவற்றுக்கு அவர்களே விடையும் கூறுவர். சர்க்கரை அளவு, உண்ணும் மாத்திரைகள் போன்றவற்றுக்கு அது பேருதவி. ஆனால் பாலுறவு பற்றிய கேள்விக்குப் பிள்ளைகளால் விடை கூற இயலாது. அவர்கள் அருகிருக்கும்போது தாய் தந்தையராலும் இயலாது. ஆகவே அக்கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது.

அறுபது வயதுக்கு மேல் இது எதற்கு என்று எண்ணுவோர் உண்டு. முதுமையில் ஆசை அடங்கிவிடும் என்பது பிள்ளைகளின் எண்ணமேயன்றி மருத்துவ உண்மையன்று. பழைய வாழ்வும் உடலில் தங்கியிருக்கும். சிபிலிஸ் என்னும் மேகநோய் பல்லாண்டுகள் அறிகுறியின்றி இருந்து, பின்னர் மூளையையும் இதயத்தையும் தாக்கக்கூடும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் இளமையிலேயே தொற்றியிருக்கலாம். எச்.ஐ.வி. இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986இல், நம் அண்டை நகரான சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் அது வெளிப்பட்டது. அன்று 25 வயதில் இருந்தவர்கள் இன்று 60ஐக் கடந்துவிட்டனர். 2004இல் தாம்பரம் சானடோரியத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. அத்தகைய சிகிச்சையால் நலம் பெற்றுப் பேரப்பிள்ளைகளைக் கண்டவர்களும் உள்ளனர்.

வாழ்க்கைச் சூழலும் இதில் பங்கு பெறுகிறது. கோயில் திருப்பணிக்காக வெளிநாட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிய சிற்பி, வேறு துறைமுகத்தில் விசைப்படகில் வேலை பார்த்த மீனவர், நெடுந்தொலைவு லாரி ஓட்டியவர் எனக் குடும்பத்தைப் பிரிந்து உழைத்தோர் இங்குப் பலர். பிரிவு குற்றமன்று, எனினும் மருத்துவர் அதனை அறிய வேண்டும். துணையை இழந்த தனிமை, மதுப்பழக்கம் ஆகியவையும் அவ்வாறே.

நம் வீடுகளில் ஆணுறை என்றால் கருத்தடை என்றே பொருள். குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சையோ மாதவிடாய் நிற்றலோ நிகழ்ந்தபின் அதனை நினைப்பாரில்லை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்ணின் பிறப்புறுப்புத் தோல் மெலிந்து எளிதில் கீறல்படுவதால் தொற்று நுழைய வழி கூடுதலாகிறது. சர்க்கரை நோயால் விறைப்புத்தன்மை குறைந்த ஆண்கள் வெட்கத்தால் மருந்துக் கடையில் தாமாகவே மாத்திரை வாங்குகின்றனர். நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இதைச் சொல்லாமல் மறைப்பது நன்றன்று.

கேளாததன் விளைவு, நோயைக் காலந்தாழ்த்திக் காண்பதே. உடல் மெலிவை வயதின் மேலும், வாயில் படரும் வெண்படலத்தைச் சர்க்கரையின் மேலும் சுமத்திவிடுகிறோம். காசநோய் வந்தபின்னரே சோதனை நடக்கிறது. முதியவருக்கு எதிர்ப்பாற்றல் முன்பே குறைந்திருப்பதால் தாமதம் அவரை மிகவும் வாட்டும். உரிய காலத்தில் மருந்து தொடங்கி, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட்டால், அவரிடமிருந்து துணைக்குப் பாலுறவு வழியே தொற்றுவதில்லை.

எனவே உடன் வருவோர் ஐந்து நிமிடம் வெளியில் அமர்க. "அம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், டாக்டர்" என்று நீங்களே சொல்லிவிட்டு எழுந்தால் அவருக்குக் கூச்சம் குறையும். பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம். வினாக்கள் சிலவே: அண்மையில் உறவு உண்டா, வலியோ இரத்தக்கசிவோ உண்டா, முன்பு வேறு துணை இருந்ததுண்டா, இரத்தம் ஏற்றியதுண்டா. இசைவின்றி எச்.ஐ.வி. சோதனை செய்வதையும், முடிவைப் பிள்ளைகளிடம் வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. தொற்று அபாயமுள்ள துணைக்குத் தெரிவிக்க மட்டும் மருத்துவருக்கு நிபந்தனைகளுடன் இடமுண்டு. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் சோதனையும் ஆலோசனையும் இலவசம். முதலில் தொலைபேசியில் கேட்டறிய விரும்புவோர் 1097 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.