குடியரசு தினத்தில் கெட்டிமேளம்

வீட்டில் ஒரு கல்யாணம். தேசிய விடுமுறை நாளில் வைத்தால் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிற சொந்தக்காரர்கள் லீவு கேட்டு அலைய வேண்டாம். மண்டபத்தையும் மூவர்ணத்தில் ஜோடித்துவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். அதில் பார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நாள். நாட்டுக்கு தேசிய விடுமுறை மூன்று: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இவற்றைத் தமிழ் மாதத்தோடு பொருத்திப் பார்த்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். சுதந்திர தினம் ஆடி மாதக் கடைசியில் விழும். ஆவணி பிறக்க இன்னும் இரண்டொரு நாள் இருக்கும். காந்தி ஜெயந்தி புரட்டாசி நடுவில் வரும். இரண்டு மாதத்திலும் நம் பக்கத்தில் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் கல்யாணம் வைப்பதில்லை. மிஞ்சுவது குடியரசு தினம். அது தை 12 அல்லது 13. மானாவாரிக் கரிசலில் வெள்ளாமை வீடு வரத் தொடங்குகிற நேரம். கையில் நாலு காசு புழங்கும், மழையும் நின்றிருக்கும்.

தை மாதம் என்பதாலேயே அன்றைக்கு முகூர்த்தம் இருந்துவிடாது. கிழமை, திதி, நட்சத்திரம் மூன்றும் சேர வேண்டும். 2027இல் ஜனவரி 26 செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் தாலி கட்ட நம் ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பஞ்சாங்கமே வேண்டாம், ஆகஸ்ட் 15தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் வழி உண்டு. அந்த வழி திறந்ததே அருப்புக்கோட்டைச் சீமையில்தான். 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டை பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததைத்தான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்கிறார்கள். புரோகிதர் இல்லாத அப்படிப்பட்ட திருமணத்துக்கு அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல் கொண்டுவந்த திருத்தத்தால் சட்ட ஏற்பு கிடைத்தது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு அதற்காகவே சேர்ந்தது. உற்றார் உறவினர் முன்னால் மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் செல்லும். நல்ல நேரம் பார்க்கச் சொல்லி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆடி, புரட்டாசிக் கணக்கு இல்லாத கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கும் ஆகஸ்ட் 15 தோதான நாள்தான்.

அடுத்தது விடுமுறையின் நிறைகுறை. 1958ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டப்படி இந்த மூன்று நாளும், மே 1ஆம் தேதியும் தொழிற்சாலைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. அதனால் நூல் மில் வேலைக்காரர்கள் சம்பள இழப்பில்லாமல் வந்து சாப்பிட்டுப் போகலாம். ஆனால் வங்கி மூடியிருக்கும், சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுக்க வேண்டிய ரொக்கத்தை முந்தின வாரமே எடுத்து வையுங்கள். சார்பதிவாளர் அலுவலகமும் திறக்காது. அதனால் நஷ்டமில்லை, திருமணத்தைப் பதிவுசெய்ய 90 நாள் அவகாசம் உண்டு. கிராமத்தில் அன்றைக்குக் கிராமசபைக் கூட்டம் நடக்கும். பஞ்சாயத்துத் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் பந்திக்குத் தாமதமாகத்தான் வருவார்கள். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் வாங்கின பிறகே வாத்தியார்களும் பிள்ளைகளும் வர முடியும். டாஸ்மாக் கடைக்கும் விடுமுறை. பெண் வீட்டார் பலருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனி ஜோடனை. எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். “வீட்டுக்கு வீடு கொடியேற்றலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டதே, கல்யாண மண்டபத்தில் தோரணமாகக் கட்டினால் என்ன?” என்று கேட்பார்கள். முதல் பாதி சரிதான். 2002 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் கொடி விதித்தொகுப்பு, சாதாரணக் குடிமக்களும் எல்லா நாளும் கொடியேற்ற வழிவிட்டது. மரியாதையோடு கொடியேற்றுவது குடிமகனின் அடிப்படை உரிமை என்று 2004இல் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. கதர் மட்டுமே என்றிருந்தது 2021 கடைசியில் மாறி, பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி வந்தது. 2022 ஜூலையிலிருந்து வீட்டில் இரவிலும் பறக்கவிடலாம்.

தவறு இரண்டாம் பாதியில் இருக்கிறது. இத்தனை தளர்வும் கொடியை ஏற்றுவதற்கு வந்தவை. அலங்காரப் பொருளாக்குவதற்கு எந்தத் தளர்வும் வரவில்லை. தோரணமாகவோ வேறு எந்த அலங்காரமாகவோ கொடியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதித்தொகுப்பில் அன்றும் இன்றும் இருக்கிறது. 1971ஆம் வருஷத்துத் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இன்னும் கறாரானது. கொடியைத் திரையாகத் தொங்கவிடுவது, மேடைக்கு விரிப்பது, கார் மேல் போர்த்துவது, அதன்மேல் எழுதுவது, இடுப்புக்குக் கீழே உடுத்துவது, உடுப்புத் துணியிலும் கைக்குட்டையிலும் தலையணை உறையிலும் அச்சிடுவது எல்லாம் அவமதிப்புக் கணக்கில் வரும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். துணிக்கொடி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்; கொடியின் படத்தையும் அந்தச் சட்டம் கொடி என்றே எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் அந்த மூன்று நிறத்தையே தொடக் கூடாதா? தாராளமாகத் தொடலாம். கடையில் சரம்சரமாகத் தொங்கும் மஞ்சள் கயிற்றை யார் வேண்டுமானாலும் வாங்கி எதற்கு வேண்டுமானாலும் கட்டலாம். அதே கயிறு தாலியாகிவிட்டால் அதன் மரியாதை வேறு. காவியும் வெள்ளையும் பச்சையும் தனித்தனியே வெறும் நிறங்கள். அவை மூன்று சமப் பட்டைகளாக, காவி மேலே, பச்சை கீழே, நடுவில் 24 ஆரக்கால் சக்கரம் என்று அமையும்போதுதான் கொடி ஆகின்றன.

இதில் நம்மூரில் நடந்த வழக்கு ஒன்று உண்டு. 2013 கிறிஸ்துமஸ் அன்று கோயம்புத்தூரில், மூவர்ண இந்திய வரைபடமும் நடுவில் அசோகச் சக்கரமும் போட்ட பெரிய கேக்கை வெட்டினார்கள். கொடியை அவமதித்ததாகப் புகார் போனது. 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அது அவமதிப்பாகாது என்று தீர்ப்புச் சொன்னது. அவமதிக்கும் எண்ணம் இருந்ததா என்பது அங்கே முக்கியமாகப் பார்க்கப்பட்டது. ஆறுதலான தீர்ப்புதான். ஆனாலும் அது வர ஏழு வருஷத்துக்கு மேல் ஆனது. புதுமாப்பிள்ளை வக்கீல் வீட்டுக்கு நடக்க வேண்டாம் என்றால் கேக்கில் சக்கரத்தை விட்டுவிடுங்கள்.

இப்போது மண்டபத்துக்கு வருவோம். மூன்று நிறத்துக்கும் பூக்கடையே போதும். கனகாம்பரம், மல்லிகை, மரிக்கொழுந்து மூன்றையும் கதம்பமாகக் கட்டினால் பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். தையில் பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறும். வாசலுக்கு வெள்ளைச் சாமந்தியை வைத்துக்கொண்டு, மல்லிகையைப் பெண்ணின் தலைக்கு ஒதுக்குங்கள். பந்தியில் கேசரி, இட்லி, புதினாச் சட்னி. பெண்ணுக்குப் பட்டு எடுத்தாலும் உறவுக்காரப் பெண்களுக்கு அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த பருத்திச் சேலை எடுக்கலாம்: வெள்ளை உடலில் ஒரு கரை காவி, மறு கரை பச்சை. கொடி உருவமும் சக்கரமும் இல்லாதவரை யாரும் குறை சொல்ல இடமில்லை.

பத்திரிகையைச் சிவகாசியில் அடிக்கக் கொடுக்கும்போது கொடிப் படம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான்கு சிங்க முத்திரையும் கூடாது. அது அரசின் முத்திரை, அதற்கு 2005ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை காரின் முன்னால் கொடி கட்டும் ஆசையும் வேண்டாம். காரில் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் போன்ற சிலருக்கே உண்டு.

உண்மையான கொடி வேண்டும் என்றால் அதை ஏற்றுங்கள். மண்டப வாசலில் ஒரு கம்பம் நட்டு, கிழிசலும் சாயம்போனதும் இல்லாத, நீளத்துக்கு அகலம் 3க்கு 2 என்ற அளவுள்ள கொடியை, தாலி கட்டுவதற்கு முன்னால் வீட்டில் மூத்தவர் கையால் ஏற்றலாம். கொடிக்குள் பூவிதழ் வைத்துக் கட்ட விதியிலேயே இடம் உண்டு. பிள்ளைகள் கையில் காகிதக் கொடி கொடுக்கலாம், பிளாஸ்டிக் வேண்டாம். பந்தி முடிந்ததும் அந்தக் காகிதக் கொடிகள் இலையோடு குப்பைக்குப் போகாமல் பொறுக்கி எடுக்க, பொறுப்பான ஓர் ஆளை முதல் நாளே சொல்லி வையுங்கள்.