சிலிண்டருக்குள் ஒரு படி

விடிகாலையில் சென்னையின் காசிமேடு, ராயபுரம் பக்கம் போயிருக்கிறீர்களா? மீன் கூடை, ஐஸ் பெட்டி, மரப்பலகை, பீரோ என்று எதையாவது சுமந்துகொண்டு ‘டடடட’ என்று ஒரு மூன்று சக்கர வண்டி உங்களைக் கடந்து போகும். முன்னால் இரண்டு சக்கரமும் பலகைத் தட்டும். பின்னால் ஒற்றைச் சக்கரம், அதன் மேல் ஓட்டுபவர். அதுதான் மீன்பாடி வண்டி. அது எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததில்லை. வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடம்பைச் செய்வார்கள். பழைய ஸ்கூட்டரிலோ பைக்கிலோ இருந்து எஞ்சினைக் கழற்றி மாட்டுவார்கள். இப்படி மோட்டார் வைத்து ஓட்டுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. வண்டிக்குப் பதிவு எண்ணும் கிடையாது. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது இந்த வண்டியை நம்பித்தான்.

அப்படி ஒரு வண்டியின் எஞ்சினைப் பிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கும் ஆறாவது படிக்கும் என் அக்கா மகனுக்கும் கிடைத்தது. பழைய பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரின் எஞ்சின் அது. வண்டிக்காரர் பட்டறை வாசலில் நின்று சொன்னார்: “அண்ணே, லோடு இழுக்கல. பாலம் ஏறும்போது எறங்கித் தள்ள வேண்டியிருக்கு. பொகை வேற கண்ணை மறைக்குது.”

மெக்கானிக் பதில் பேசவில்லை. கிக்கரைக் காலால் அல்ல, கையால் அழுத்தினார். அது எதிர்ப்பே இல்லாமல் சொய்யென்று கீழே போனது. “காத்து நிக்கல தம்பி,” என்றார்.

காற்று நிற்கவில்லை என்றால் என்ன? சைக்கிள் பம்பின் வாயைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று கையைத் திருப்பித் தள்ளும். எஞ்சினிலும் அப்படித்தான். சிலிண்டர் என்ற குழாய்க்குள் பிஸ்டன் மேலே போய், பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைச் சிறு இடத்தில் நெருக்குகிறது. அப்போது ஸ்பார்க் பிளக் பொறி தட்ட, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. ஓரத்தில் காற்று கசிந்தால் நெருக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. கசிவைத் தடுக்கும் காவல்காரர்கள், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரண்டு மெல்லிய இரும்பு வளையங்கள். ரிங் என்பார்கள். ஒரு காலத்தில் நீராவி எஞ்சின்களின் பிஸ்டனைச் சுற்றிச் சணல் கயிறு திணித்துத்தான் கசிவை அடைத்தார்கள். ஓரிடத்தில் வெட்டுவிட்ட, வில்போல விரியும் உலோக வளையத்தை 1852இல் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ரயில் எஞ்சின் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம். இன்றும் அதே யோசனைதான்.

நான்கு நட்டைக் கழற்றி மேல்மூடியை எடுத்தார் மெக்கானிக். சிலிண்டரை உருவி, துணியால் துடைத்து, பையனிடம் கொடுத்தார். “உள்ள நகத்தை வெச்சு மேலேருந்து கீழே இழுத்துப் பாரு.”

அவன் இழுத்தான். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் ‘டக்’கென்று இடறியது. “மாமா, உள்ள ஒரு படி இருக்கு!”

இருந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படி, நகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் பார்த்தவற்றிலேயே எனக்குப் பிடித்தது அந்தப் படிதான்.

ரிங் ஏறும் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு மேலே இருக்கும் சுவரை ரிங் தொடுவதே இல்லை. அது புதிதாகவே இருக்கிறது. எல்லைக்குக் கீழே தேய்ந்து குழிந்துவிட்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் படி. சரி, ரிங் முழு நீளத்துக்கும்தானே ஓடுகிறது, மேல் பகுதி மட்டும் ஏன் அதிகம் தேய வேண்டும்?

குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசித் தவளை விட்டிருப்பீர்கள். வேகம் இருக்கும்வரை சில்லு தண்ணீரின் மேல் தத்திப் போகும். வேகம் போனதும் மூழ்கும். ரிங்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வேகமாக ஓடும்போது சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து செல்கிறது. உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புகிறது. நின்றதும் ரிங் படலத்துக்குள் அமிழ்ந்து, இரும்பும் இரும்பும் உரசுகின்றன. அதே கணத்தில்தான் மேலே நெருப்பு. எண்ணெய் சூட்டில் இளகிவிடுகிறது. எரிந்த வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. மூன்றும் சேர்ந்து வருவது அந்த ஓரிடத்தில்தான்.

இந்த உரசல் எவ்வளவு என்று கணக்குப் போடலாம். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஏறும் தூரம் 57 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் ஏறி இறங்க 114 மி.மீ. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் 342 மீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். வண்டி ஒரு நாளில் 6 மணி நேரம் ஓடினால் பிஸ்டன் 123 கிலோமீட்டர் உரசியிருக்கும். சென்னையிலிருந்து ஏறக்குறைய திண்டிவனம் வரையான தூரத்தை, உங்கள் உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓரிடத்துக்குள்ளேயே நடந்து முடிக்கிறது. அதுவும் நொடிக்கு 100 முறை நின்று நின்று.

மெக்கானிக் சிலிண்டரைப் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார். அங்கே ஒரு டயல் வைத்த அளவுகோலை உள்ளே விட்டு, மேலே, நடுவே, கீழே என்று அளந்தார்கள். ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு திசையில். இந்தச் சிலிண்டரை முன்பே ஒருமுறை 57.25 மி.மீ. விட்டத்துக்குக் கடைந்திருந்தார்கள். இப்போது அடியில் 57.28. மேலே ஒரு திசையில் 57.36, இன்னொரு திசையில் 57.43.

பையன் உடனே கேட்டான்: “வட்டம்னா எல்லாப் பக்கமும் ஒரே அளவுதானே இருக்கணும்?”

இருக்க வேண்டும். அது வட்டமாக இல்லை, முட்டை வடிவாகிவிட்டது. காரணம் கனெக்டிங் ராடு. பிஸ்டன் நேராக ஏறி இறங்குகிறது. அதன் அடியில் மாட்டிய ராடு ஊஞ்சல்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கிறது. சாய்ந்த கம்பால் ஒன்றைத் தள்ளினால் அது பக்கவாட்டிலும் போகப் பார்க்கும் அல்லவா? பிஸ்டனும் ராடு சாயும் அந்த இரண்டு சுவர்களில்தான் மோதுகிறது. மற்ற இரண்டு சுவர்களுக்கு அந்த அடி விழுவதில்லை.

முன்பு கடைந்த அளவிலிருந்து 0.18 மி.மீ. தேய்மானம். இரண்டு காகிதத்தாளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் வரும் தடிமன். அவ்வளவு இடைவெளிக்குத்தான் அந்த மனிதர் மீன் கூடைகளோடு பாலத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இனி என்ன செய்வது? முழு எஞ்சினையும் மாற்றலாம். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடினால் பழைய எஞ்சின் கிடைக்கும். ஆனால் அதன் சிலிண்டருக்குள் என்ன படி இருக்கிறதோ! ராடைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார் மெக்கானிக். பக்கவாட்டில் லேசாக அசைந்தது. அது இருக்க வேண்டிய அசைவுதான். மேலும் கீழும் ஆட்டம் இல்லை, ஆகவே ராடின் அடிமுனையில் இருக்கும் கிராங்க் பேரிங் நன்றாக இருக்கிறது. “இதையே ரீபோர் போட்டுடலாம்,” என்றார்.

ரீபோர் என்றால் முட்டை வடிவான துளையைக் கடைந்து, சற்றுப் பெரிய முழு வட்டமாக்குவது. பெரிதான துளைக்குப் பெரிதான பிஸ்டன் வேண்டும். அதற்கென்றே அசல் அளவைவிட 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று படிப்படியாகப் பெரிய பிஸ்டன்கள் கடையில் கிடைக்கின்றன. 57.43 வரை தேய்ந்ததால் அடுத்த அளவு 57.50.

இப்படிக் கடைவது எளிய வேலை இல்லை. 1770களில் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் கசிந்துகொண்டே இருந்தது; சிலிண்டரை வட்டமாகச் செய்யவே அன்று யாராலும் முடியவில்லை. பீரங்கிக் குழல் துளைக்கும் ஜான் வில்கின்சன்தான் வழி கண்டார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுகூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் வியந்தார். நான் பார்த்த லேத் பட்டறைக்காரரோ தகரக் கூரையின் கீழே நின்று, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் வேலை செய்தார். அவருக்கு யாராவது சிலை வைத்தால் நான் போய் மாலை போடுவேன்.

கடைந்து முடித்ததும் சுவர் கண்ணாடிபோல மின்னியது. அதோடு விடவில்லை. ஹோனிங் என்று சொல்லி, சாணைக்கல் துண்டுகளை உள்ளே சுழற்றி ஏற்றி இறக்கினார். சுவரெங்கும் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் விழுந்தன. வழுவழுப்பாக்கியதை ஏன் கீற வேண்டும்? பாட்டி வீட்டு அம்மியைக் கேளுங்கள். அரைத்து அரைத்து வழுவழுப்பானால் அம்மி கொத்துபவரை அழைத்து உளியால் புள்ளி வைப்பார்கள்; அந்தப் பள்ளங்கள் மிளகாயைப் பிடித்துக்கொள்ளும். இங்கே பள்ளங்கள் பிடித்துவைப்பது எண்ணெயை. இந்த வகை டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தனி எண்ணெய்ப் பம்பு கிடையாது. 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 20 மில்லி எண்ணெய் கலந்து ஊற்றுவதுதான் அதற்குச் சாப்பாடும் மருந்தும்.

புது ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய தகடு செருகிப் பார்த்தார் மெக்கானிக். கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அது வேண்டும். சூட்டில் ரிங் நீளும். முனைகள் முட்டிக்கொண்டால் சிக்கிவிடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவிலும் இதே காரணத்துக்காக இடம் விடுகிறார்கள். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். மெக்கானிக் நினைக்கவில்லை. அவர் வண்டியைச் சுற்றி வந்தார். “தம்பி, ஃபேன் மூடி எங்க?” “இடிக்குதுன்னு கழட்டிட்டேண்ணே.” “ஏர் ஃபில்டர்?” “அது கிழிஞ்சு போச்சு.”

அவர் முகம் மாறிவிட்டது. ஸ்கூட்டர் எஞ்சின் மூடிய உடம்புக்குள் இருப்பது. அதைக் குளிர்விக்க ஒரு விசிறி ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றைச் சிலிண்டரின் செதில்கள் வழியாக வளைத்துக் கொண்டுபோவது தகர மூடிதான். மூடி இல்லாவிட்டால் காற்று கண்ட திசையில் போகும். ஸ்கூட்டராவது வேகமாக ஓடி எதிர்க்காற்று வாங்கும். பாரம் ஏற்றி ஊர்ந்துபோகும் வண்டிக்கு அதுவும் இல்லை. ஏர் ஃபில்டர் இல்லாததால் கடற்கரைச் சாலையின் மணல்தூள் நேராக உள்ளே போயிருக்கிறது. மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. எண்ணெயோடு அது கலந்தால் சாணைக்கூழ்தான். காகிதக் கனத்துக்குத் தேய்ந்ததற்குக் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்று மாலை முழுக்க, வண்டியின் குழாய் இடிக்காதபடி மூடியை வெட்டி மாட்டுவதிலேயே போனது. புது ஃபில்டரும் வந்தது.

மறுநாள் பூட்டினார். பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி இருந்தது. அது புகை வெளியேறும் துளையைப் பார்த்து நிற்க வேண்டும். கிராங்க் ஓரத்து ஆயில் சீலையும் மாற்றினார். அது கிழிந்திருந்தால் கியர் பெட்டியின் எண்ணெய் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு, புது பிஸ்டன் போட்ட பிறகும் புகை நிற்காது.

கிக்கரைக் கையால் அழுத்தினார். பாதியிலேயே நின்று, கையைத் திருப்பித் தள்ளியது. பையனும் அழுத்திப் பார்த்துச் சிரித்தான்.

“ஒரு வாரம் லோடு ஏத்தாத. மெதுவா ஓட்டு, நடுநடுவுல நிறுத்தி ஆறவிடு,” என்றார் மெக்கானிக். புது ரிங்கும் புதுச் சுவரும் ஒன்றையொன்று தேய்த்துப் பொருந்தும்வரை உரசல் சூடு அதிகம். முழுப் பாரம் ஏற்றினால் பிஸ்டன் விரிந்து இறுகி நின்றுவிடலாம். வண்டிக்காரர் தலையாட்டினார், ஆனால் கண்ணில் கவலை இருந்தது. ஒரு வாரம் லோடு இல்லையென்றால் ஒரு வாரம் கூலி இல்லை. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டார். “சரி, மூணு நாள் காலியா ஓட்டு. நாலாவது நாள் கால்வாசி ஏத்து. சூடாச்சுன்னா நிழல்ல நிறுத்து. என் கூலிக்கு இப்ப அவசரமில்ல, அப்புறம் குடு.”

வண்டி காலியாகவே புறப்பட்டது. பழைய பிஸ்டனை மெக்கானிக் பையனுக்குக் கொடுத்தார். ரிங்குக்குக் கீழே, வாயு கசிந்து எரித்த பழுப்புத் தடம் அதில் இருக்கிறது; தலையில் 25 என்று பொறித்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவன் தாளில் கணக்குப் போட்டான். 57.50 விட்டத்தில் எஞ்சினின் கொள்ளளவு 148 கன செ.மீ.; முதலில் அது 145.45. கடைசி அளவான 58இல் 150.6. “மாமா, இன்னும் ரெண்டு தடவை கடையலாம். அதுக்கப்புறம்தான் புது சிலிண்டர்,” என்றான்.