மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிறீர்களா?

விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்லாத பெற்றோர் நம்மிடையே குறைவு. மிருகங்களிடமிருந்து மனிதருக்கு நோய் தொற்றும் என்பது பலரும் அறிந்ததே. மனிதரிடமிருந்து மிருகங்களுக்கும் நோய் தொற்றும் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

2020ஆம் ஆண்டு நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் மிருகக்காட்சிச்சாலையில் நாடியா என்ற நான்கு வயதுப் பெண் புலிக்கு வரட்டு இருமல் கண்டது. பரிசோதித்தபோது கொரோனா என ஏப்ரல் மாதத்தில் உறுதியானது. நோய் அறிகுறி எதுவுமில்லாத பராமரிப்பாளர் ஒருவரிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்ட புலிகளும் சிங்கங்களும் குணமடைந்தன. ஆனால் 2021 ஜூன் மாதத்தில் சென்னை வண்டலூர் பூங்காவில் கொரோனா பரவியபோது இரண்டு சிங்கங்கள் உயிரிழந்தன.

யானைகளின் நிலையும் இதுவே. மனிதரைத் தாக்கும் அதே காசநோய்க் கிருமி யானைகளையும் தாக்குகிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் மிருகப் பண்ணை ஒன்றில் 1994 முதல் 1996 வரை மூன்று யானைகள் காசநோயால் இறந்தன. அங்கு வேலை செய்த 22 பேரைச் சோதித்தபோது, 11 பேருக்குத் தோற்பரிசோதனையில் காசநோய்க் கிருமித் தொற்றின் அடையாளம் தெரிந்தது. அவர்களில் ஒருவர் நோயாளியாகவே இருந்தார். அவரிடமும் யானைகளிடமும் இருந்தது ஒரே வகைக் கிருமி! பராமரிப்பாளர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிவதும், காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்வதும் இதனால்தான்.

பார்வையாளர்களான நமக்கு என்ன ஆபத்து? 1996 ஜனவரியில் டென்வர் மிருகக்காட்சிச்சாலையில் கொமோடோ பல்லியைப் பார்க்கச் சென்ற பல சிறுவர்களுக்கு சல்மொனெல்லா கிருமியால் காய்ச்சலும் வயிற்றோட்டமும் ஏற்பட்டன. அவர்கள் பல்லியைத் தொடவில்லை. சுற்றியிருந்த மரவேலியையே தொட்டிருந்தார்கள். கை கழுவிய பிள்ளைகள் பெரும்பாலும் தப்பினர்.

எனவே கவனத்தில் கொள்ளுங்கள்:

* மிருகங்களையோ வேலியையோ தொட்டபின்பும், சாப்பிடுவதற்கு முன்பும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.
* மிருகங்களின் அருகில் வைத்து உணவு உண்ணாதீர்கள். குழந்தைகளின் சூப்பியையும் வெளியே எடுக்காதீர்கள்.
* தடிமன், இருமல், காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அது மிருகங்களுக்கும் நல்லது.
* போய்வந்த சில நாட்களில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டால், எங்கே சென்றீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பயந்து வீட்டில் இருக்கத் தேவையில்லை. பிள்ளைகளுடன் மகிழ்ச்சியாகச் சென்று வாருங்கள். கை கழுவ மட்டும் மறந்துவிடாதீர்கள்!