கார்போ (இலத்தீன் சொல்)

கார்போ என்பது மரக்கரியைக் குறிக்கும் இலத்தீன் பெயர்ச்சொல் ஆகும். கார்பன் என்னும் தனிமத்தின் பெயர் இதிலிருந்து பிறந்தது.

இலக்கணம்

இது மூன்றாம் திரிபு வகையைச் சேர்ந்த ஆண்பாற் சொல். உயிரற்ற பொருளுக்கும் இலத்தீனில் ஆண்பால், பெண்பால் உண்டு. தமிழில் கரி அஃறிணை. எழுவாயில் கார்போ, இரண்டாம் வேற்றுமையில் கார்போனெம் (கரியை), ஆறாம் வேற்றுமையில் கார்போனிஸ் (கரியின்). ‘மரம்’ என்பது ‘மரத்தை’ என மாறுவதுபோல, இங்கும் வேற்றுமை ஏற்கையில் சொல் மாறி, னகரம் வெளிப்படுகிறது. ‘கார்பன்’ என்பதில் உள்ள ‘ன்’ அதுவே.

தோற்றமும் வழிச்சொற்களும்

எரிதலைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இது வந்ததாகக் கருதப்படுகிறது. கார்போனாரியுஸ் என்றால் கரி சுடுபவர். ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் சீமைக் கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, காற்றை அடக்கி மூட்டம் போடுபவரின் தொழிலும் அதுவே. 1787-இல் இலவாசியே உள்ளிட்ட பிரெஞ்சு வேதியியலாளர்கள் கரியின் அடிப்படைப் பொருளுக்குக் ‘கார்போன்’ எனப் பெயரிட்டனர்.

தமிழ்க் ‘கரி’யுடன் ஒப்பீடு

ஒலியும் பொருளும் ஒத்திருப்பதால், கார்போவும் கரியும் ஒரே சொல் என மாணவர்கள் எழுதுவதுண்டு. இது தவறு. கரி என்பது கருமை, கரிய, கருகு முதலியவற்றோடு சேர்ந்த திராவிடச் சொல். மொழியுறவை நிறுவ ஒரு சொல்லின் ஒற்றுமை போதாது. பல சொற்களில் ஒரே ஒழுங்கான ஒலிமாற்றம் தெரிய வேண்டும். ‘கார்பன்’ இலத்தீன் வழி வந்தது; ‘கரிமம்’ தமிழ்க் கரியிலிருந்து ஆக்கியது. இரண்டும் குறிக்கும் தனிமம் ஒன்றே.